தென்முகக் கடவுள் வெளியே பார்த்து அமர்ந்திருப்பது ஏன்?

(விஜயதசமி நாளன்று ஆலய மண்டபத்தில் நிகழ்ந்த சமயச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சிவமயம்



நவராத்திரி விரதம் நிறைவுற்று விஜயதசமி நன்னாளில் கூடியிருக்கிறோம். ஒன்பது இரவுகளும் அம்பிகையை வீரமாகவும் செல்வமாகவும் கல்வியாகவும் வைத்து வழிபட்டோம். இன்று காலையில் மூன்று வயதுக் குழந்தைகள் தகப்பனார் மடியில் இருந்தபடி, தட்டில் பரப்பிய பச்சையரிசியில் முதல் எழுத்தை எழுதி ஏடு தொடங்கினார்கள். மற்றொரு புறத்தில், விரைவில் எச்.எஸ்.சி. பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளைகள் பேனாவையும் கல்குலேற்றரையும் சரசுவதி தேவியின் பாதத்தில் வைத்து எடுத்துச் சென்றார்கள். ஒரே மண்டபத்தில் கல்வியின் தொடக்கத்தையும் பள்ளிக் கல்வியின் முடிவையும் பார்த்தோம். இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எமது பிள்ளைகள் எதை, எங்கே, யாரிடம் கற்கிறார்கள்? இதுவே இன்றைக்கு நாம் சிந்திக்கவேண்டிய பொருள்.

முதலில் எல்லோரும் அறிந்த ஒரு திருவுருவத்தை நினைவுக்குக் கொண்டு வாருங்கள். சிவாலயத்தில் மூலவரைத் தரிசிக்க வாசலுக்கு நேரே நின்றால் போதும். குருவைத் தரிசிக்க வேண்டுமாயின் நடக்கவேண்டும். பிரகாரத்தில் வலம் வரும்போது கருவறையின் தெற்குச் சுவரில், வெளிப்புற மாடத்தில், தட்சிணாமூர்த்தி வீற்றிருக்கிறார். அவர் கருவறைக்கு உள்ளே பார்க்கவில்லை. சுவரைப் பின்னே விட்டு, தெற்குத் திசையை நோக்கி, வெளியே பார்த்து அமர்ந்திருக்கிறார். அவருக்கு மேலே இருப்பது கூரையல்ல, கல்லால மரம். எம்பெருமான் ஆசிரியராக வந்தபோது அறையொன்றைக் கட்டிக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. மரநிழலில், திறந்த வெளியில், வருவோருக்கு எதிரே இருந்தார்.

அவரிடம் வந்தவர்கள் யார்? சனகர், சனந்தனர், சனாதனர், சனற்குமாரர் என்னும் நால்வர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர். வேதங்களை எல்லாம் ஓதி முடித்தவர்கள். இன்றைய பேச்சிலே சொன்னால், எல்லாப் பாடத்திலும் அதிவிசேட சித்தி பெற்றவர்கள். அத்தனையும் படித்த பின்னும் உள்ளத்தில் ஐயம் தீரவில்லை. ஆகையால் புறப்பட்டு வந்து மரத்தடியில் அமர்ந்தார்கள். குருமூர்த்தி நூலொன்றையும் விரித்துரைக்கவில்லை. சின்முத்திரை காட்டி மௌனமாக இருந்தார். ஐயம் தெளிந்தது. ஓதிப் பெறும் கல்வி ஒன்று, ஒருவர் அருகே இருந்து பெறும் கல்வி இன்னொன்று என்பதை இந்தத் திருவுருவம் எமக்கு நித்தமும் காட்டிக்கொண்டிருக்கிறது. முன்னையதைப் பள்ளிக்கூடம் தரும். பின்னையதைப் பெற, பிள்ளை நல்லவர் ஒருவர் அருகே போய்ச் சேரவேண்டும். அப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யாருடைய கடமை? பெற்றோருடைய கடமை என்பீர்கள். உண்மைதான். ஆனால் அது ஆலயத்தின் கடமையும் ஆகும் என்பதே அடியேனின் விண்ணப்பம்.

பெற்றோரே, உங்களுடைய வாரத்தை நான் அறிவேன். சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளி, மத்தியானம் கணித ரியூசன், ஞாயிறு காலையில் மிருதங்கமோ பரதநாட்டியமோ, மாலையில் மீண்டும் ரியூசன். சிட்னியில் நான்காம் வகுப்பில் ஓ.சி. பரீட்சையும் ஆறாம் வகுப்பில் செலெக்ரிவ் பள்ளிப் பரீட்சையும் வருகின்றன. மெல்பேர்ணில் எட்டாம் வகுப்பில் அதே ஓட்டம். இதைப் பழிக்க நான் வரவில்லை. பெட்டியொன்றோடு இந்நாட்டுக்கு வந்த குடும்பங்களை நிமிர்ந்து நிற்க வைத்தது படிப்பே. காணி போயிற்று, வீடு போயிற்று, கற்றது மட்டும் எவராலும் பறிக்கப்படாமல் கூடவே வந்தது. அந்த அனுபவத்தில் பிறந்த அச்சத்தை எவரும் ஏளனம் செய்யக்கூடாது.

ஆயினும் ரியூசன் மேசையில் கிடைக்காதவை சில உண்டு. அறிமுகமில்லாத பெரியவர் ஒருவரிடம் கண் பார்த்துப் பேசுவது எப்படி? தொழிலிடம் ஒன்று காலை ஏழு மணிக்கு எப்படி இயங்குகிறது? நோயுற்ற முதியவரின் கையைப் பிடித்து நடத்துவது எப்படி? எந்த வேலையைச் செய்யும்போது என் மனம் நிறைகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடையறியாமலே எமது பிள்ளைகள் பலர் பதினேழாவது வயதில் பல்கலைக்கழகப் பாடநெறியைத் தெரிவு செய்கிறார்கள். சிலர் இரண்டாம் ஆண்டில் மனமுடைந்து பாதியில் நிற்கிறார்கள். அந்த வலியை வெளியே சொல்ல வெட்கப்படும் வீடுகள் எமது அடியார்களிடையேயும் உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதுவே எனக்கு அதிக வருத்தம் தருவது. எமது அன்னதான வரிசையில் பக்கம் பக்கமாக நின்று, ஒருவன் சோற்றையும் ஒருவன் சாம்பாரையும் பரிமாறும் இரண்டு மாணவரை எண்ணிப் பாருங்கள். இருவருக்கும் வயது பதினைந்து. இருவரும் கெட்டிக்காரர். பத்தாம் வகுப்பளவில், வேலை அனுபவ வாரம் என்று ஒன்றைப் பள்ளிகள் ஒழுங்கு செய்கின்றன. ஒரு வாரம் வகுப்பை விட்டுத் தொழிலிடம் ஒன்றுக்குச் சென்று பழகவேண்டும். பள்ளி படிவத்தைத் தரும். பெற்றோரும் தொழிலிடத்தாரும் பள்ளியும் அதில் கையொப்பமிட வேண்டும். ஆனால் இடத்தைத் தேடுவது பெரும்பாலும் மாணவனுடைய பொறுப்பு.

முதலாமவனின் தாயார் வைத்தியர், தகப்பனார் பொறியியலாளர். தொலைபேசியில் இரண்டு பேரை அழைத்தால் இடம் கிடைத்துவிடும். இரண்டாமவனின் தகப்பனார் 2012, 2013 ஆம் ஆண்டுகளில் படகேறி வந்தவர்களில் ஒருவர். பண்டகசாலையில் இரவு வேலை. பல ஆண்டுகளாகப் பிரிட்ஜிங் வீசா. அவனுக்கு இந்த நகரத்தில் மாமாவும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. படிவத்தைப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திரிகிறான். யாரைக் கேட்பது? இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம் மூளையல்ல, முயற்சியல்ல. தெரிந்த மனிதர் இருப்பதும் இல்லாததும் மட்டுமே. அவன் கேட்கக்கூடிய நூறு பேர் ஞாயிற்றுக்கிழமைதோறும் இதே மண்டபத்தில் பந்தியில் அமர்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது அவனுக்கு இன்னொரு சுவர் வரும். இந்நாட்டுப் பள்ளியிலே சிறுவயது முதல் படித்திருந்தாலும், பிரிட்ஜிங் வீசாவில் உள்ள பிள்ளைகளிடம் பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவருக்குரிய கட்டணத்தைக் கேட்டு வந்திருக்கின்றன. அரசாங்கக் கல்விக் கடனும் அவர்களுக்கு இல்லை. 2023 பெப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு வீசாக்கள் வைத்திருந்தோருக்கு நிரந்தர வதிவிடம் பெறும் வழியை அரசாங்கம் திறந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுப் பிரிட்ஜிங் வீசாவில் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் அதற்குள் வரவில்லை. அவர்களில் எம்மவர் பலர். புகலிடம் கோருவோருக்கென்று உதவித்தொகை வழங்கும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அவற்றை விசாரித்துச் சொல்லவும், விண்ணப்பத்தை நிரப்பும்போது பக்கத்தில் இருக்கவும் ஆளில்லாவிட்டால், திறந்த வாசலும் மூடிய வாசல் போன்றதே.

ஆலயம் பூசைக்குரிய இடம், இவையெல்லாம் ஆலயத்தின் வேலையா என்று சிலர் கேட்கலாம். எமது முன்னோர் அப்படி எண்ணவில்லை.

முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்திலுள்ள எண்ணாயிரம் என்னும் ஊரின் ஆலயத்தில் ஒரு கல்லூரி நடந்தது. மாணவர் 340 பேர், ஆசிரியர் 14 பேர் என்று கல்வெட்டு கணக்குச் சொல்கிறது. மாணவருக்கு நாளாந்தம் நெல் அளக்கப்பட்டது. அரசன் ஆணையிட்டான், ஊர்ச்சபை பொறுப்பேற்றது, ஆலயம் இடம் தந்தது. வீரராசேந்திரன் காலத்தில், செங்கற்பட்டுக்கு அண்மையிலுள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் பாடசாலையோடு சேர்ந்து 15 படுக்கை கொண்ட ஆதுரசாலையும் இருந்தது. வைத்தியரும், சத்திரசிகிச்சை செய்பவரும், மூலிகை கொண்டுவருவோரும், நோயாளரைப் பராமரிப்போரும் கல்வெட்டில் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். ஓதும் இடமும் நோய் தீர்க்கும் இடமும் ஒரே மதிலுக்குள் இருந்தன. அக்காலக் கல்வி எல்லாக் குலத்துப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முன்னோர் கட்டிய வாசலை நாம் அகலமாக்க வேண்டும். அவர்கள் செய்த நன்மையைக் கைவிடலாகாது.

எமது யாழ்ப்பாணத்துக்கு வருவோம். நல்லூரில் 1822 இல் பிறந்த ஆறுமுக நாவலர் பெருமான் ஆங்கிலம் கற்றது எங்கே? வெஸ்லியன் மிசனரிமாரின் பாடசாலையில். அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பார்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் உழைத்தார். அந்நியர் வாசலுக்குச் சென்றதனால் அவர் சைவத்தை இழந்தாரா? இல்லை. பாடசாலையை எப்படி நடத்துவது, பிரசங்கத்தை எப்படி ஒழுங்குபடுத்துவது, அச்சு இயந்திரம் எவ்வளவு வல்லது என்பவற்றையெல்லாம் அங்கே கண்டறிந்து கொண்டு வந்தார். 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1848 இல், அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கோயிற் பிரசங்கம் ஓராண்டுக்குள் பாடசாலையாக மாறியது. நாமும் இத்தனை ஆண்டுகளாக இந்த மண்டபத்தில் பிரசங்கம் கேட்டு வருகிறோம்!

அடுத்து, பள்ளிக்கும் கோயிலுக்கும் வெளியே எழுந்த ஒரு கல்விக்கூடத்தை எண்ணுங்கள். 1933 இல் கே. எம். செல்லப்பா என்னும் அன்பர் தம்முடைய வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். 1934 இல் குழுவொன்று அமைந்தது. அவர் செயலாளரானார். ஏறக்குறைய ஆயிரம் நூல்களும் பத்திரிகைகளும் ஓர் அறைக்குள் இருந்தன. மக்கள் நிதி சேர்த்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரியின் லோங் அடிகளார் என்னும் கத்தோலிக்கக் குருவானவர் தோள் கொடுத்தார். நூலகத்துறையின் பேரறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைச் சிற்பி நரசிம்மன் கட்டடத்தை வரைந்தார். மாநகரசபை பொறுப்பேற்றது. 1959 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் திறக்கப்பட்டது. முன்றிலில் சரசுவதி தேவி வீற்றிருந்தாள். சைவரும் கத்தோலிக்கரும், ஊராரும் அயலாரும், தனி மனிதரும் சபையும் கைகோத்துக் கட்டிய கல்விக்கூடம் அது.

1981 மே 31 இரவு தொடங்கி அது எரிக்கப்பட்டதையும், 97,000 நூல்கள் சாம்பலானதையும் இந்த மண்டபத்தில் உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எரிந்த கதையை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அது எப்படி எழுந்தது என்ற கதையையும், அதே இடத்தில் மீண்டும் எழுந்து நிற்கும் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருவர் தமது வீட்டு அலுமாரியை மற்றவர் பிள்ளைக்குத் திறந்துவிட்டதே அதன் ஆரம்பம்.

இந்த அவுஸ்திரேலிய மண்ணிலும் இப்படிப்பட்ட கைகோர்ப்புகளின் நன்மையை நாம் ஏற்கெனவே அனுபவித்து வருகிறோம். மெல்பேர்ண் பெற்றோர் கனவு காணும் மக்ரொபேர்ட்சன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விரும்பும் பிரெடோ தவளைச் சொக்கலேற்றை முதலில் செய்த மக்பேர்சன் ரொபேர்ட்சன் என்ற வியாபாரி, விக்ரோரியாவின் நூற்றாண்டு விழாவுக்காக வழங்கிய 100,000 பவுண் நன்கொடையில் ஒரு பகுதியால் அதன் கட்டடம் 1934 இல் எழுந்தது. அடுத்த ஆண்டிலேயே அங்கே சனிக்கிழமைகளில் யப்பானிய மொழியும் இத்தாலிய மொழியும் கற்பிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சனிக்கிழமை வகுப்பே வளர்ந்து இன்றைய விக்ரோரிய மொழிப் பள்ளியாயிற்று. அங்கே கற்பிக்கப்படும் மொழிகளில் எமது தமிழும் ஒன்று. சிட்னியில் 1978 இல் அரசாங்கத்தின் சனிக்கிழமைச் சமூக மொழிப் பள்ளி தொடங்கிற்று. அதற்கு ஓராண்டு முன்னரே, 1977 இல், எம்மவர் பாலர் மலர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியிருந்தார்கள். இன்று எச்.எஸ்.சி.யிலும் வி.சி.ஈ.யிலும் பிள்ளைகள் தமிழை ஒரு பாடமாக எழுதலாம். தமிழ்ப் பள்ளிகள் வார இறுதியில் நடப்பது பெரும்பாலும் அரசாங்கப் பள்ளி வகுப்பறைகளில். கட்டடம் அவர்களுடையது, மொழி எம்முடையது, பிள்ளை இருவருக்கும் உரியது.

எமக்கு அண்மையிலுள்ள கார்லிங்போர்ட்டில் 1922 நத்தார்க்கு முந்திய நாள் ஐந்து வியாபாரிகள் அநாதைச் சிறுவர் இல்லமொன்றுக்கு விளையாட்டுப் பொருள்களைக் கொண்டு சென்றார்கள். யார் நீங்கள் என்று கேட்டபோது, பெயர் சொல்ல விரும்பாமல், 'சிமித்' என்றார்கள். 'சிமித் குடும்பம்' என்ற தர்ம ஸ்தாபனம் அப்படித் தோன்றியது. இன்று அது வசதி குறைந்த பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருகிறது. பெயர் பொறித்த கல்லை எதிர்பாராத கொடையை எமது சாத்திரங்கள் உயர்வாகப் பேசுகின்றன. அந்தத் தர்மத்தை இந்நாட்டவரிடமும் கண்டு வணங்குவோம்.

அடியார்களே, இனி நாம் செய்யக்கூடியவற்றைச் சொல்லுகிறேன். பெரும் பணம் தேவையில்லை. புதுக் கட்டடமும் தேவையில்லை.

முதலாவது, தொழிற் பெயரேடு. உபயகாரர் பட்டியல் எம்மிடம் ஒழுங்காக இருக்கிறது. எந்தத் திருவிழா யாருடையது என்று நொடியில் சொல்லுவோம். அதுபோல ஒரு கொப்பியில், அடியார்கள் என்னென்ன தொழில் செய்கிறார்கள் என்று எழுதுவோம். வைத்தியரும் கணக்காளரும் மட்டுமல்ல, மின்சாரத் தொழிலாளி, தாதி, பஸ் சாரதி, சமையற்காரர், தச்சர், நூலகர், வாகனம் திருத்துபவர் எல்லோரும். ஆண்டுக்கு ஒரு வாரம், ஒரு மாணவரைத் தம்முடைய தொழிலிடத்துக்கு அழைத்துச் செல்ல முடியுமா என்று முகாமையாளரிடம் கேட்டுச் சொன்னால் போதும். அந்த இரண்டாவது மாணவனின் படிவத்துக்குக் கையொப்பம் கிடைத்துவிடும்.

இரண்டாவது, வெளியே உள்ள வாசல்களைத் தட்டுவது. நகரசபை நூலகங்களில் பிள்ளைகள் அமைதியாகப் படிக்கலாம், கேட்டால் நூலகர் வழிகாட்டுவார். சென் ஜோன் அம்புலன்ஸ் ஸ்தாபனம் சிறுவர்க்கு முதலுதவி கற்பிக்கிறது. எடின்பரோ கோமகன் விருதில் 14 வயது முதல் சேரலாம். அதற்குத் தேவையான நான்கு பகுதிகளில் ஒன்று கலை அல்லது கைத்திறன், ஒன்று சேவை. எமது பிள்ளை பழகும் மிருதங்கமும் இங்கே செய்யும் தொண்டும் முறைப்படி பதிவு செய்யப்பட்டால் அவற்றுக்குப் பொருந்தக்கூடியவை. வீசாவில் இடர்ப்படும் குடும்பங்களுக்கு, மெல்பேர்ண் புட்ஸ்கிரேயில் 2001 இல் தொடங்கிய புகலிடம் கோருவோர் நிலையம் இருக்கிறது. மேற்குச் சிட்னியில் இயேசு சபையாரின் அகதிகள் சேவை இருக்கிறது. அவர்கள் எம்மிடம் வரட்டும் என்று காத்திராமல் நாமே போய் அறிமுகமாவோம். குரு வெளியே பார்த்து அமர்ந்திருக்கிறார் என்பதை மறவாதீர்கள்.

மூன்றாவது, எமது பல்கலைக்கழக மாணவர்கள். எச்.எஸ்.சி. முடிந்ததும் ஆலயத்தில் காணாமற் போகிறார்கள் என்று அவர்களைக் குறை கூறுகிறோம். அவர்களுக்கு நாம் கொடுத்த வேலை என்ன? கதிரை அடுக்குவதும் வாகனத் தரிப்பிடத்தில் கை காட்டுவதும். அவற்றோடு, வாரத்தில் ஒரு மாலை இளையவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுக்கவும், பாடநெறிகளையும் உதவித்தொகைகளையும் தேடிக் கொடுக்கவும் அவர்களை அழைப்போம். தான் தேவைப்படுகிற இடத்தை எந்த இளைஞனும் எளிதில் விட்டுப் போகமாட்டான்.

நான்காவது, பாதுகாப்பு. பிறர் பிள்ளையை எம்மை நம்பி விடும்போது ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளோடு பழகும் தொண்டர்கள், சிறுவரோடு பணியாற்றுவோருக்கான அரசாங்க அத்தாட்சியைப் பெறவேண்டும். நியூ சவுத் வேல்சிலும் விக்ரோரியாவிலும் தொண்டர்களுக்கு அது இலவசம், ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சிறுவர் பாதுகாப்பு விதிகள் சமய ஸ்தாபனங்களுக்கும் உரியவை. எம்மவர் நல்லவர், எமக்கு எதற்கு இது என்று எவரும் சொல்ல வேண்டாம். நல்லவருக்கு அத்தாட்சி எடுப்பதில் தயக்கம் இராது.

இனிப் பெற்றோரின் மனதில் எழும் கேள்விகளுக்கு வருகிறேன். "ஐயா, இதற்கெல்லாம் போனால் புள்ளி குறையாதா?" பலர் விரும்பும் வைத்தியப் படிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேரே சேரும் பல வைத்திய பீடங்கள் பரீட்சைப் புள்ளியோடு நிற்பதில்லை. யூ.சி.ஏ.ரி. என்னும் தனிப் பரீட்சையும் நேர்முகமும் வைக்கின்றன. மற்றவருக்காக நீ என்ன செய்தாய், அதிலிருந்து என்ன கற்றாய் என்ற பாணியில் அங்கே கேட்பார்கள். அதற்கு ரியூசன் கொப்பியில் விடை இராது. இதைக் கேட்டவுடன், நேர்முகத்துக்காகவே தொண்டு செய் என்று பிள்ளையை விரட்டவும் வேண்டாம்! தொண்டு தொண்டாக இருந்தால் பயன் தானே வரும்.

"பிள்ளை எங்கோ போய் எம் வழக்கத்தை மறந்துவிடாதா?" என்பது அடுத்த கேள்வி. நாவலர் பெருமானின் சரித்திரமே இதற்குப் பதில். வீட்டில் வேர் இருந்தால் வெளியே போன பிள்ளை திரும்பி வரும்போது கைநிறையக் கொண்டு வரும். தன் சமயத்தைப் பற்றி வெளியார் கேட்கும்போதுதான் பிள்ளைக்கு அதைப் படிக்கவேண்டும் என்ற எண்ணமே உண்டாகிறது.

"எனக்கே இந்நாட்டு முறைகள் விளங்கவில்லையே, நான் எப்படிப் பிள்ளைக்கு வழிகாட்டுவது?" என்று மனம் தளரும் பெற்றோரும் உண்டு. அவர்களுக்குச் சுவாமிமலையை நினைவூட்டுகிறேன். பிரணவத்தின் பொருளைக் கேட்கத் தந்தையான சிவபெருமான் மாணவராகத் தாழ்ந்து நிற்க, மகன் முருகன் குருவாக இருந்து உபதேசித்த தலம் அது. தகப்பன் சுவாமி என்று பெயரிட்டு அந்தக் காட்சியைக் கொண்டாடுகிறோம். ஆகவே பிள்ளையிடம், "இந்தப் படிவம் என்ன சொல்கிறது, எனக்கு விளங்கப்படுத்து" என்று கேட்பதில் தாழ்வில்லை. தகப்பன் கேட்கக் கேட்கப் பிள்ளையும் வளரும்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. வசதியுள்ள வீட்டில் பிறந்தது உங்கள் குற்றமுமல்ல, உங்கள் கெட்டித்தனமுமல்ல. உங்களோடு தமிழ்ப் பள்ளியில் படிக்கும் நண்பனுக்கு வேலை அனுபவ வாரத்துக்கு இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். கிடைக்கவில்லையானால் உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்வியும் பூசைதான். இடம் தேடித் தவிக்கும் பிள்ளை எவராயினும், கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். நால்வர் முனிவரும் கேட்கத்தான் மரத்தடிக்கு வந்தார்கள். கேட்டவர்களை எம்பெருமான் திருப்பி அனுப்பவில்லை. அவர் பெயரால் அமைந்த இந்தச் சபையும் அனுப்பாது.

2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, வீட்டில் தமிழ் பேசுவோர் இந்நாட்டில் 95,000 பேருக்கு மேல். இத்தனை வீடுகளுக்குள்ளும் எத்தனை தொழில், எத்தனை அறிவு, எத்தனை அனுபவம் இருக்கின்றன! அவற்றைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடும் பொறுப்பு எமது கையில் இருக்கிறது. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு இதனை வீட்டில் வாசித்துச் சொல்லுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் பூசை முடிந்ததும் அன்னதான மண்டப வாசலில் ஒரு மேசையும் ஒரு கொப்பியும் இருக்கும். பெயரையும் தொழிலையும் எழுதுங்கள். பிள்ளைக்கு இடம் தேவைப்படுவோரும் எழுதுங்கள். அதற்கு முன்னர் ஒருமுறை வலம் வந்து தென்முகக் கடவுளின் முன் நின்று, அவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள்.

கலைமகள் அருளால் எல்லாப் பிள்ளைகளுக்கும் நல்ல குருமார் வாய்ப்பார்களாக. ஒரு பிள்ளையும் வாசலில் தனித்து நில்லாதிருக்க எல்லாம் வல்ல சிவபரம்பொருள் துணை செய்வாராக.

திருச்சிற்றம்பலம்